சிவக்கும் பெயிண்ட்

மார்ச் 4, செவ்வாய்

தலைக்கு மூன்று முறை ஷாம்பூ போட்டும் நாற்றம் போகவில்லை. இன்று கழிவுக்குழி பம்ப் அடைத்துக்கொண்டது. அமிலத்தோடு கலந்து கெட்டுப்போன எண்ணெய் அடியில் கெட்டியாகத் தங்கிவிட்டது. கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. தாருக்கும் வாந்திக்கும் நடுவில் ஒரு நிறம். குழாயைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். எஞ்சினியர் நிற்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் நிற்காவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதியில் விட்டுவிடுவார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "யாரோ பூண்டு மூட்டையைத் தண்ணில ஊறப்போட்டு மறந்துட்டாங்க போலிருக்கே" என்றார். மருந்துக்கடைக்காரர். நாளெல்லாம் ஸ்பிரிட் வாசத்தில் நிற்கிறவருக்குக் கிண்டல் வேறு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

அத்தான் கூப்பிட்டு அனுப்பினார். ஆலைக்குள் அவர் 'சார்', எங்கள் யூனிட்டின் மேலாளர். வீட்டில் அக்காவின் கணவர். இரண்டையும் கலக்காமல் இத்தனை வருடம் ஓட்டியாயிற்று.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்களாம், எங்கள் சரக்கை மொத்தமாக வாங்கப்போகிறவர்கள். யூனிட் வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும், யார் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதித் தா என்றார். "உனக்குத்தான்மா எழுத்து வரும். கொஞ்சம் அழகா, சுத்தமா இருக்கட்டும்."

எழுதினேன். "கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைக்கும்போது வாயுக்கள் கிளம்புகின்றன. ஒரு காலத்தில் இவற்றை எரித்து வீணாக்கினார்கள். நாங்கள் அவற்றைப் பிடித்து, அமிலத்தின் உதவியால் ஒன்றோடொன்று இணைத்து, தண்ணீர் போலத் தெளிந்த திரவமாக்குகிறோம். இதைக் கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் எண் உயரும். எஞ்சின் தட்டாமல் ஓடும். புகையும் குறையும்."

ஒரு சொல் பொய் இல்லை. கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது: அந்த அமிலம் எது, தோலில் பட்டால் என்ன ஆகும் என்று. அத்தான் அதைப் படித்தார், பேனாவை எடுத்தார், அடித்தார்.

"வர்றவங்களைப் பயமுறுத்தவா கூப்பிடுறோம்?"

இப்போது பலகையில் தெளிந்த திரவம் மட்டும் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

காலைச் சுற்றில் கண்ணில் பட்டது. அமிலத் தொட்டிக்குக் கீழே இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கிற வளையம் சிவந்திருக்கிறது.

எங்கள் யூனிட்டில் அமிலம் ஓடுகிற ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தனி ஆரஞ்சுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அமிலம் துளி பட்டாலும் அது சிவந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே செய்த பெயிண்ட். வளையத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சிவப்பு. அப்படியென்றால் உள்ளே கசிவைத் தடுக்கிற கேஸ்கட் போய்க்கொண்டிருக்கிறது.

கண்ட்ரோல் ரூமில் பேனல் ஆபரேட்டரிடம் சொன்னேன். வாய் ஓயாத மனிதர். எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவோம். வந்து பார்த்துவிட்டு, "லிப்ஸ்டிக் போட்டு ரெடியா நிக்குது மேடம், வெள்ளிக்கிழமை விருந்தாளிங்களைப் பார்க்க" என்றார். அப்புறம் அவரே சிரிக்கவில்லை.

அத்தானிடம் போனேன். யூனிட்டை நிறுத்த வேண்டும், அமிலத்தை இறக்கிவிட்டு கேஸ்கட் மாற்ற வேண்டும் என்றேன்.

"நிறுத்தி, இறக்கி, மாத்தி, திரும்ப ஓட்ட ஒரு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை முடியட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பார்த்துக்கோ."

எதைப் பார்த்துக்கொள்வது? சுவருக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடம் இருக்கிறது. காற்று பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் அடிக்கும்.

மார்ச் 13, வியாழன்

விடுப்பு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. வாய் நிறையப் பஞ்சு. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததே இல்லை என்று இவர் கண்டுபிடித்திருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

வளையம் ஆரஞ்சாக இருந்தது. பளிச்சென்று, ஈரம்கூட முழுதாகக் காயாமல்.

முதலில் நானே நம்பினேன், ஒரே நாளில் எப்படியோ சரிசெய்துவிட்டார்கள் என்று. எவ்வளவு முட்டாள். ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து ஓவியர் வந்தாரு மேடம்."

ஓவியர் என்றால் எங்கள் கான்டிராக்ட் பெயிண்டர். கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, தொட்டி எல்லாம் அவர்தான். பெயிண்ட் அடித்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர்.

"பழைய சிவப்பைச் சுரண்டிட்டு அடிச்சாரா?"

"ஆமா."

"அமில சூட் போட்டாரா?"

"அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். கையில துணி கிளவுஸ்தான்."

யார் அனுப்பினார்கள் என்று கேட்பதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். புதுத் தொப்பி, மடிப்புக் கலையாத கோட்டு. ஒருவர் அந்த வளையத்தையே காட்டி, இது ஏன் ஆரஞ்சு என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், விளக்கு என்று. நான் விளக்கினேன். அமிலம் பட்டால் சிவக்கும் என்ற வரை சொன்னேன். மூச்சு வாங்கினேன். அந்த இடைவெளியில் அத்தான் புகுந்தார்.

"பாருங்க, ஒரு இடமாவது சிவந்திருக்கா? அதுதான் எங்க பெருமை."

அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் நானும் இருப்பேன், வளையத்துக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு. பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்து நாக்கெல்லாம் இரும்புச் சுவை. பேசாததற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். இவர் மாத்திரையின் ஒவ்வாமை என்கிறார். இருக்கட்டும்.

மார்ச் 15, சனி

காலையில் கடையிலிருந்து இவர் போன். குரலில் கிண்டல் இல்லை.

"ஒரு பொண்ணு வந்து வலி மாத்திரை கேக்குது. நேத்து வாங்கினது கேக்கலையாம். புருஷனுக்குக் கையில வலி. வெளிய புண்ணு ஒண்ணும் இல்ல, ஆனா நகத்துக்கடியில வெள்ளை வெள்ளையா இருக்காம், ஆளு சுவத்துல முட்டிக்கிறாராம். பெயிண்டரு. எங்க பெயிண்ட் அடிச்சாருன்னு கேட்டேன்..." நிறுத்தினார். "நீ கிளம்பி வா."

இந்த அமிலம் மற்றவை மாதிரி மேலே பொசுக்காது. நீர்த்துப்போய்ப் பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாது. உள்ளே இறங்கி எலும்பைத் தேடிப் போகும். உடம்பிலிருக்கிற கால்சியத்தைப் பிடித்துத் தின்னும். அதற்கு மருந்தும் கால்சியம்தான். பட்டவுடன் கால்சிய ஜெல்லைப் பூச வேண்டும். யூனிட் முதலுதவிப் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டிய ட்யூப் அது. கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் ரேடியோவுக்குப் போன் போட்டு எடுத்துவரச் சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தேதி எப்பவோ முடிஞ்சுடுச்சு மேடம். பிதுக்கினா மாவு மாதிரி உதிருது" என்றார்.

இவர் உடனே எழுந்தார். கடையின் உள்ளறையில் கால்சியப் பொடியைக் குழைத்து ஜெல் ஆக்கினார். அதை ஒரு ரப்பர் கையுறைக்குள் நிரப்பி எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணோடு ஓவியர் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. சுவர் மட்டும் நான்கு வண்ணத்தில். மிச்சம் வந்த பெயிண்டையெல்லாம் கொண்டுவந்து அடித்திருக்கிறார் போல. கட்டிலில் உட்கார்ந்து வலது கையைக் காற்றில் தூக்கிப் பிடித்திருந்தார். எங்கேயாவது பட்டால் உயிர் போகிறதாம். கையுறைக்குள் அந்தக் கையை இவர் நுழைத்தபோது மனிதர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

"நேத்து கான்டிராக்டர்கிட்ட போய் நின்னோம்க்கா," என்றாள் மனைவி. "பெயிண்ட் அலர்ஜி, ரெண்டு நாள்ல போயிடும், ஐஸ் வைன்னுட்டாரு."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன்பே, "அலர்ஜி கேஸ்தானே?" என்றார்.

"யார் சொன்னது?"

"உங்க ஆபீஸ்லேருந்து காலையிலயே போன் வந்துச்சே. பெயிண்ட் அலர்ஜின்னு ஒருத்தர் வரலாம், பார்த்துக்கோங்கன்னு."

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு ட்யூப் ஜெல் கொடுத்தனுப்பத் தோன்றவில்லை, டாக்டருக்குப் போன் போடத் தோன்றியிருக்கிறது.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் என்று சத்தமாகச் சொன்னேன். பலகைக்கு எழுதியதில் அத்தான் அடித்துவிட்ட பெயர். டாக்டர் முகம் மாறியது. அப்புறம்தான் கால்சியம் ஊசி, ஓட்டம், எல்லாம்.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. போகவே பிடிக்கவில்லை. போகாவிட்டால் அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று போனேன்.

அத்தான் கோழிக்காலைக் கடித்து முடித்துவிட்டு விரல் விரலாக நக்கினார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டேன்.

"அத்தான், பெயிண்டர் ஆஸ்பத்திரில இருக்காரு."

"தெரியும். பாவம். கைப்பிடிக் கம்பிக்கு அடிக்கிற பெயிண்ட் சிலபேருக்கு ஒத்துக்காது."

"அவர் கம்பிக்கு அடிக்கல. அந்த வளையத்துக்கு அடிச்சாரு."

"நீ பார்த்தியா?"

வாயைத் திறந்தேன்.

"நீ அன்னிக்கு லீவும்மா," என்றார், ரொம்பப் பாசமாக. இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

அக்கா நடுவில் வந்தாள். "சாப்பிடற இடத்துல ஆலைப் பேச்சு எதுக்குடி? எல்லாத்துக்கும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு."

திரும்பி வரும் வழியில் இவர் கேட்டார், "அவர் எப்பவும் இப்படித்தான் சாப்பிடுவாரா?" எப்பவும்தான். இத்தனை வருடம் நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

கட்டை விரல் நுனியையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். மற்றவை தப்பும் என்கிறார்கள்.

ஓவியர் மயக்கம் தெளிந்து என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பெரிய ஓவியருங்க எல்லாம் சும்மா கையெழுத்து மட்டும்தான் போடுவாங்களாம் மேடம். வேலையை மத்தவங்க செய்வாங்களாம். நானும் பெரியாளாயிட்டேன்." மனைவி அவர் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள்.

யார் அனுப்பியது என்று கேட்டேன். கான்டிராக்டர்தான் சொன்னாராம். மேலிடத்திலிருந்து போன் வந்தது, உடனே போ என்று. மேலிடம் என்றால்? அது அவருக்குத் தெரியாது. மேலிடத்துக்கு முகம் கிடையாது போலிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மறுபடி சிவந்துவிட்டது! புதுப் பெயிண்ட், அவர் விரலைத் தின்ற பெயிண்ட், முன்னைவிட அகலமாகச் சிவந்திருக்கிறது. அடியில் ஒரு போல்ட்டின் தலையிலிருந்து லேசாக ஆவி மாதிரி. முதலில் என் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஓடினேன். அத்தான் அறையில் தனியாகத்தான் இருந்தார். சொன்னேன். போல்ட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"திங்கக்கிழமை அவங்க ஆளுங்க கையெழுத்துப் போட வர்றாங்க. இன்னொரு கோட்டிங் அடிச்சிடலாம்."

"இன்னொரு விரலா சார்?"

"இந்த முறை சூட் போட்டு அனுப்பச் சொல்றேன். போதுமா? போய் வேலையைப் பாரு."

சீ. இந்த மனிதரின் கையால் எத்தனை தடவை பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் யூனிட்டுக்குப் போனபோது வளையத்துக்குக் கீழே ஒரு வயதான பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். புது ஆள். ஒரு கையில் பெயிண்ட் டப்பா, ஒரு கையில் சுரண்டி. சூட் என்று அவருக்குக் கொடுத்திருந்தது மழைக்கோட்டு! முழங்கை கிழிந்த மழைக்கோட்டு.

"அய்யா, அதை இப்படிக் குடுங்க," என்று சுரண்டியை வாங்கினேன். "நீங்க கேட்டுக்கு வெளிய போயிடுங்க."

"கான்டிராக்டர் திட்டுவாரும்மா."

"என்னைத் திட்டச் சொல்லுங்க."

சுரண்டியோடு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அங்கே ஒரு பட்டன் இருக்கிறது. கசிவு பெரிதாகிவிட்டால் மொத்த அமிலத்தையும் ஒதுக்குத் தொட்டிக்கு இறக்கிவிடுகிற பட்டன். சிவப்பு மூடி போட்டிருக்கும். அதை அழுத்துகிற அதிகாரம் மேலாளர் சொன்னால் பேனல் ஆபரேட்டருக்கு. எனக்கு இல்லை.

"அமிலத்தை இறக்குங்க," என்றேன்.

ரேடியோ என்னைப் பார்த்தார், கையிலிருந்த சுரண்டியைப் பார்த்தார். "ஆர்டர் யாருது மேடம்?"

"என்னுது."

"உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லையே."

"தெரியும்."

அவர் திரும்பித் திரையிலிருந்த எண்களைப் பார்த்தார். பிறகு எழுந்தார். பட்டனின் மூடியைத் திறந்து வைத்தார். "தொண்டை வரளுது. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அழுத்தினேன்.

ஒரு சத்தமும் இல்லை. எண்கள் இறங்கின. அமிலம் இறங்க இறங்க யூனிட் அடங்கியது. எங்களிடம் வந்து பெட்ரோலாக மாற வேண்டிய வாயுவுக்குப் போக்கிடம் இல்லாமல் எல்லாம் மிச்ச வாயுவை எரிக்கிற உயரக் குழாய்க்குப் போய்ப் பற்றிக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பட்டப்பகலில் அவ்வளவு பெரிய நெருப்பு. சுவருக்கு அப்பால் பள்ளிப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஊரே பார்த்திருக்கும். இதற்கு எந்தப் பெயிண்டும் அடிக்க முடியாது.

அத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "உனக்கு நான் என்னடி பண்ணேன்?"

அவருக்கு இது எங்கள் இருவருக்குள் உள்ள விஷயம். அவ்வளவுதான்.

மார்ச் 22, சனி

வேலையிலிருந்து தற்காலிக நீக்கம். அடையாள அட்டையை கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அக்கா போன் பண்ணினாள். "குடும்பத்தையே சந்தி சிரிக்க வெச்சுட்டியேடி. அவருக்கு சர்வீஸ் முடிய இன்னும் ரெண்டே வருஷம். அவர் மேல உனக்குப் பொறாமை, எனக்குத் தெரியாதா?" நான் ஓவியரின் விரலைப் பற்றிச் சொன்னேன். "யாரோ ஒரு பெயிண்டர்!" என்றாள்.

யாரோ ஒரு பெயிண்டர். போனை வைத்துவிட்டு வெகு நேரம் கை கழுவினேன். ஏனென்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

ரேடியோ போன். வளையத்தைப் பிரித்துவிட்டார்களாம்.

"ஒரு போல்ட் பென்சில் கணக்கா இளைச்சிருந்துச்சு மேடம். இன்னொண்ணுக்கு ஸ்பேனரே வேண்டியிருக்கல. கையால திருகினேன், கையோட வந்துடுச்சு."

பின்னால் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"என் பொண்ணும் அந்த ஸ்கூல்லதான் படிக்கிறா," என்றார் கடைசியில்.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர். குளிர்ந்த அறை, தட்டில் பிஸ்கட். யாரும் தொடவில்லை, அத்தான் மட்டும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

போல்ட்டைப் பார்த்துவிட்டார்கள், அதனால் கசிவு இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. எனவே இப்போது கேள்வி வேறு: மறைக்கச் சொன்னது யார்?

அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "பார்வையாளர் வருகைக்கு யூனிட்டைத் தயார்பண்ற பொறுப்பை அவங்ககிட்டதான் கொடுத்திருந்தேன். பலகைகூட அவங்க எழுதினதுதான். பெயிண்ட் அடிக்கச் சொன்னது எனக்குத் தெரியாது. பயந்து போய் அப்புறம் பட்டனை அழுத்திட்டாங்க."

அவங்க. நான்தான் அந்த அவங்க. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஒரு சுருக்கம் இல்லை.

நான் அன்று விடுப்பு என்றேன். "போன்ல சொல்லியிருக்கலாமே" என்றார் மூவரில் ஒருவர். கான்டிராக்டரைக் கூப்பிட்டார்கள். யார் பேசியது என்று கேட்டார்கள். அவர் கூரையைப் பார்த்தார். "யாருன்னு ஞாபகம் இல்ல சார். ஆனா பொம்பளைக் குரல்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. "வாயில பஞ்சு வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க பேசியிருப்பேன்?" அவர்களுக்கு என்ன பஞ்சு, என்ன பல் என்று புரியவில்லை. மரியாதையாகப் பேசச் சொன்னார்கள்.

ரேடியோவைக் கூப்பிட்டார்கள். கசிவைப் பத்தாம் தேதியே மேலாளரிடம் சொன்னோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஆனால் பெயிண்டரை அனுப்பியது யார் என்று அவருக்கும் தெரியாதே. தெரியாததைச் சொல்லவில்லை. அந்த ஒருவர்தான் அந்த அறையில் சுத்தம்.

ஏப்ரல் 4, வெள்ளி

த்தூ.

ஏப்ரல் 13, ஞாயிறு

மதியம் கதவு தட்டும் சத்தம். அக்கா. தனியாக, பஸ்ஸில் வந்திருக்கிறாள். கார் இல்லாமல் அவள் தெருமுனைகூடத் தாண்டி நான் பார்த்ததில்லை. கையில் ஒரு பை.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் சண்டை வரும் என்று நினைத்தேன். இவர் எழுந்து கடைக்குப் போகிற சாக்கில் செருப்பைத் தேடினார். "நீங்களும் இருங்க" என்றாள்.

"அன்னிக்கு அவர் அந்த கான்டிராக்டருக்குப் போன் பண்ணது எங்க வீட்டு மேசையில உக்காந்துதான். காலைல டிபன் சாப்பிட்டுக்கிட்டே. நான் பக்கத்துல நின்னு பரிமாறிட்டிருந்தேன். அஞ்சு நிமிஷ வேலை, சூட்டுகீட்டு எல்லாம் தேடிக்கிட்டு நிக்காதேன்னு சொன்னாரு."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"காதுல விழுந்துச்சு. அதுக்கு அர்த்தம் தெரியல. அப்புறம் தெரிஞ்சுது. தெரியாத மாதிரி இருந்துட்டேன்." புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "விசாரணை முடிஞ்சு வந்து அன்னிக்குச் சாப்பிட உக்காந்தாரு. 'பொம்பளைக் குரல்னு சொல்லுன்னேன், கச்சிதமா சொல்லிட்டான்'னு சொல்லிச் சிரிச்சாருடி. என்கிட்ட! உன் அக்காகிட்ட! சிரிச்சுட்டு இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்டை நீட்டினாரு."

"போட்டியா?"

"போட்டேன். அதுதான் தாங்கல. அன்னிலேருந்து ஒரு வாய் இறங்கல எனக்கு."

வெள்ளிக்கிழமை அவர் வெளியே போன நேரத்தில் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். இரண்டு பஸ் மாறி. விசாரணை அதிகாரி முதலில் பார்க்க மாட்டேன் என்றாராம். பார்க்கிற வரை எழுந்திருக்க மாட்டேன் என்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நேற்று அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னாரு?"

"'உனக்கு நான் என்னடி பண்ணேன்'னாரு."

நான் அவள் பையை வாங்கி முன்னறையில் வைத்தேன். அன்றைக்குப் போனில் கத்தியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பாடு போட்டேன். மெதுவாக, ஆனால் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

முடிவு வந்தது. கான்டிராக்டரைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடி கேட்டதும் பொம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாகிவிட்டதாம். அத்தானுக்கு வேலை போயிற்று. அனுமதி இல்லாமல் பட்டன் அழுத்தியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம். பணி நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்து தண்ணீர் குடித்ததற்கு ரேடியோவுக்கும் ஒன்று. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டப்போகிறாராம்.

பதினெட்டுப் பக்கத் தீர்ப்பில் ஓவியரைப் பற்றி ஒரே வரி. "ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு ஏற்பட்ட சிறு உடற்குறை." சிறு. எழுதியவர் எந்த விரலால் எழுதினாரோ.

இவருடைய நண்பர் ஒரு வக்கீல் இருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே வழக்குப் போடலாம் என்கிறார். ஓவியரிடம் சொன்னேன். யோசிக்காமல் சரி என்றார்.

மே 9, வெள்ளி

யூனிட் மறுபடி ஓடுகிறது. புதுக் கேஸ்கட், புதுப் போல்ட், பெட்டியில் புது ஜெல். புது மேலாளர் ஒரு இளைஞர், எதற்கெடுத்தாலும் குறித்துக்கொள்கிறார். வாசல் பலகையில் அமிலத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே!

முதல் சாம்பிளைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். துளி கலங்கல் இல்லை. ஊருக்கெல்லாம் வண்டியை அதிராமல் ஓட வைக்கும். பாட்டிலை மூடி லேபிள் ஒட்டினேன். இந்த வேலையை இனிமேல் நான் செய்வேன், நன்றாகவே செய்வேன். பிடிக்கும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓவியர் அந்த கேட்டுக்குள் இனிக் கால் வைக்க மாட்டாராம். இடது கையால் உருளை பிடித்து வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கிறார். கோடு கொஞ்சம் கோணலாகப் போகிறதாம். "இப்பதான் மேடம் நிஜமான ஓவியம் வருது" என்கிறார்.

ஜூன் 7, சனி

விடுமுறை. சாயங்காலம் இவர் கடைக்குப் போயிருந்தேன். அக்கா போன மாதத்திலிருந்து அங்கேதான் கவுண்டரில் நிற்கிறாள். முதலில் மாத்திரைப் பெயரைப் படிக்கத் தடுமாறினாள், இப்போது டாக்டர்களின் கிறுக்கலே அவளுக்குத்தான் புரிகிறது என்று இவர் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

நல்ல கூட்டம். நான் உள்ளறை வாசலில் நின்று அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கூட்டத்தில் அத்தான். இளைத்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. தன் முறைக்காக வரிசையில் காத்து நின்றார். வேறு மருந்துக்கடை இல்லாமலா இங்கே வந்தார்? என்னைப் பார்க்கவில்லை. அவளை மட்டும்தான் பார்த்தார்.

அவர் முறை வந்தது. சீட்டை நீட்டினார். அக்கா வாங்கிப் படித்தாள். ரத்தக்கொதிப்பு மாத்திரை. அலமாரியிலிருந்து எடுத்து, கத்தரித்து, கவரில் போட்டாள்.

"காலைல ஒண்ணு," என்றாள். "சாப்பிட்ட அப்புறம்."

அவர் கவரை வாங்கிக்கொண்டார். போகவில்லை. "வீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

அக்கா அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அடுத்து யாருங்க?"